உயிரணுவுக்குள் ஓர் அமானிதம்



குரும்பகரத்தில் எத்திசை நோக்கினும் நெல்வயல்களைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நெல்லின் இலையும் அதைத் தொடும் நம் விரலும் உயிரணுக்களால் ஆனவையே. நெல்லின் உயிரணுவைச் சுற்றி செல்லுலோசாலான சுவர் உண்டு. இலையில் ஒளியை உணவாக்கும் பசுங்கணிகங்கள் உண்டு. நமக்கு இவ்விரண்டும் இல்லை. ஆயினும் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் இரு சாராருக்கும் பொது. பாக்டீரியாவுக்கு இவை எவையும் இல்லை. அதற்கென ஒரு சுவர் மட்டும் உண்டு.

இம்மூவரிடமும் உள்ள ஒன்று ரைபோசோம். மரபுச் செய்தியைப் படித்துப் புரதத்தைத் தொடுத்துத் தரும் நுண்ணிய தறி அது. அதன் சிறு பகுதியின் அணு அமைப்பை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டவர்களுள் ஒருவர், நமக்கு வடக்கே சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், ஆதா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நமக்குள்ளேயே சான்றுகளைக் காணுமாறு திருக்குர்ஆன் அழைக்கிறது. ரைபோசோமில் அத்தகைய சான்று ஒன்று இருக்கிறது. பாக்டீரியாவின் ரைபோசோமும் நம்முடையதும் ஒரே வேலையைச் செய்தாலும் அமைப்பில் வேறுபடுகின்றன. அந்தச் சிறு வேறுபாடே நமக்கு அருளாக அமைந்தது. டெட்ராசைக்ளின் பாக்டீரியா ரைபோசோமின் சிறு பகுதியிலும், அசித்ரோமைசின் பெரும் பகுதியிலும் ஒட்டிக்கொண்டு அதன் புரத உற்பத்தியை நிறுத்துகின்றன. நம் உயிரணுக்களோ பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

சளி பிடித்தவுடன் மருத்துவரைக் காணாமல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் வழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். வைரஸ் உயிரணுவே அன்று. அதற்கென ரைபோசோம் இல்லை. நம் உயிரணுவின் ரைபோசோமையே அது தன் வேலைக்குப் பயன்படுத்துகிறது. ஆகவே, தாக்க வேண்டிய இலக்கே அங்கு இல்லாத மருந்து, குடலில் நமக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களையே அழிக்கிறது. மருந்து ஒட்டும் இடத்தைச் சற்றே மாற்றிக்கொண்டவை போன்ற எதிர்ப்புத் திறனுள்ள பாக்டீரியாக்கள் எஞ்சிப் பெருகுகின்றன. அவை நம்மோடு நின்றுவிடுவதில்லை. வீட்டு முதியவருக்கும் அண்டை வீட்டுக் குழந்தைக்கும் பரவுகின்றன. நாளை அக்குழந்தைக்கு உண்மையான தேவை வரும்போது அதே மருந்து பயனற்றுப் போகக்கூடும்.

நோய்க்கு மருந்து தேடுவதை நம் மார்க்கம் ஊக்குவிக்கிறது. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பேணுவதையும் அதே மார்க்கம்தான் வலியுறுத்துகிறது. இரண்டும் ஒரு மாத்திரையில் சந்திக்கின்றன. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் உண்போம். அவர் சொன்ன நாள்வரை உண்போம். மிஞ்சியதைப் பிறருக்குக் கொடுக்காதிருப்போம். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பிறர் உடலுக்கு நம்மால் தீங்கு நேராமல் காப்பதும் அவ்வாறே.

நம் அனைவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தையும் பயனுள்ள கல்வியையும் அருள்வானாக! ஆமீன்.