கம்பியில்லாக் கித்தாரும் மூன்றாவது முனையும்



மேடையில் மின்கித்தார் வாசிப்போருக்கு ஏற்ற கம்பியில்லாக் கருவி எது என்று ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இதற்குப் பின்னால் என் தவறு ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியாற்றுவது கிள்ளானில். ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயின்ற காலத்தில் நான்கைந்து கித்தார் சுரங்களைக் கற்றுக்கொண்டேன். அந்த ஒரே தகுதியினால் பள்ளியின் இசை நிகழ்ச்சிகள் அனைத்தும் என் தலையில் விழும். மே 16, ஆசிரியர் தினம். அன்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மின்கித்தார் வாசித்துக்கொண்டே பாடுவதாக ஏற்பாடு. வகுப்பில் கேள்வி கேட்டால்கூடத் தலைகுனியும் பிள்ளை அவள். மாமா கொடுத்த பழைய கித்தாரைக் கையில் எடுத்தால் மட்டும் வேறொருத்தி ஆகிவிடுவாள்.

‘தமிழ்ப்பள்ளி மேடையில் மின்கித்தாரா?’ என்று ஓர் ஆசிரிய நண்பர் கேட்டார். பினாங்கின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ‘ஆலிகேட்ஸ்’ குழுவை இந்த நாடே கேட்டு மகிழ்ந்ததை அவருக்கு நினைவூட்டினேன். அவரும் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் மழையை நம் வட்டாரத்தில் அறியாதார் இல்லை. ஒத்திகை நாளன்றும் கொட்டித் தீர்த்தது. திறந்த மண்டபத்தின் சிமெண்டுத் தரை நனைந்திருந்தது. ஈரக் காலணியைக் கழற்றிவிட்டு அவள் வெறுங்காலோடு நின்றாள். இடக்கை கித்தார்த் தந்திகளின் மேல் இருந்தது. பாடுவதற்காக உதட்டை ஒலிவாங்கியின் அருகே கொண்டுசென்றாள். ‘ஆ!’ என்று அலறிப் பின்வாங்கினாள். உதட்டில் ‘சுரீர்’ என்றதாம். நல்லவேளை, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

காரணத்தைத் தேடினேன். அன்பளிப்பாக வந்த கித்தார் ஒலிபெருக்கியின் செருகி வெளிநாட்டு வகை. நம் சுவரில் பொருந்தாது என்பதால், இரண்டு முனை மட்டும் உள்ள மலிவான மாற்றி ஒன்றை நான்தான் செருகியிருந்தேன். ‘எர்த்’ எனப்படும் நில இணைப்பு அதில் இல்லை. கித்தாரின் தந்திகள் கம்பி வழியாக ஒலிபெருக்கியின் உலோக உடலோடு இணைந்தவை. அந்த உடலில் கசியும் மின்சாரம் நிலத்துக்குப் போக வழியின்றித் தந்தியில் நின்றது. ஒலிவாங்கியோ முறையாக நில இணைப்புப் பெற்ற வேறொரு கருவியோடு சேர்ந்திருந்தது. இரண்டுக்கும் பாலமானவள் என் மாணவி.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1972 மே 3ஆம் நாள், பிரிட்டனின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞர் நில இணைப்பில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். 1976 டிசம்பரில் ‘கிஸ்’ குழுவின் ஏஸ் ஃபிரேலி, ஃபுளோரிடாவில் ஓர் உலோகக் கைப்பிடியைத் தொட்டு மின்சாரம் தாக்கி, தப்பிப் பிழைத்தார். அதன் பின்னரே அந்தக் குழு, கென் ஷேஃபர் என்பவர் உருவாக்கிய கம்பியில்லா அமைப்புக்கு மாறியது. மேடையில் துள்ளி ஓடுவதற்காக வந்த வசதி என்றே நான் அதை எண்ணியிருந்தேன். உயிர் காக்கும் காரணமும் அதற்கு உண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மறுநாள் பெற்றோரை வரவழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். “இனிமே அந்தக் கித்தாரே வேணாம் டீச்சர்” என்றார் அம்மா. அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வயர் இல்லாம வாசிக்கிற மாதிரி ஒன்னு வாங்கிட்டா சரியாயிடுமா டீச்சர்?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே ஒரு கருவியோடு வந்தார். மலிவான ‘புளூடூத்’ செலுத்தி.

அதை மாட்டிப் பார்த்தோம். பிள்ளை தந்தியை மீட்டினாள். ஒலி பின்னால் நடந்து வந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணப் புளூடூத்தில் தாமதம் 100 மில்லி நொடிக்கும் மேலே போகும். காற்றில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஆகவே 100 மில்லி நொடி என்பது, ஒலிபெருக்கியை 34 மீட்டருக்கு அப்பால், திடலின் மறுகோடியில் வைத்துவிட்டு வாசிப்பதற்குச் சமம். தாளம் எப்படி நிற்கும்? கித்தாருக்கென்றே செய்யப்பட்ட எண்முறைக் கருவிகளில் தாமதம் பெரும்பாலும் சில மில்லி நொடிகள்தாம். ஒலிபெருக்கியிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி நிற்பது போன்றது. காது அதைப் பொருட்படுத்தாது.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் திருமணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் நெடுங்காலமாக ஒலியமைப்புச் செய்துவரும் அண்ணன் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் அலமாரியிலிருந்து இரண்டு பழைய கம்பியில்லா ஒலிவாங்கிகளை எடுத்துக் காட்டினார். இரண்டும் 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குபவை. முன்பு தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு உரியதாயிருந்த அலைவரிசை அது. 2019 அக்டோபர் இறுதியோடு நாடு முழுவதும் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அந்த இடம் கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது; 5ஜி அதில் இயங்குகிறது. “இது ரெண்டும் பென்ஷன் வாங்கிடுச்சு டீச்சர். யாராவது மலிவா பழசு கொடுத்தா, எந்த அலைவரிசைன்னு பார்க்காம வாங்கிடாதீங்க” என்றார்.

எனக்கு அவர் பரிந்துரைத்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் வகைக் கருவி. கித்தாரில் ஒரு துண்டு, ஒலிபெருக்கியில் ஒரு துண்டு, செருகினால் போதும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். ஆனால் வீட்டு வைஃபையும் புளூடூத்தும் உலவுவது அதே 2.4 சந்தையில்தான். மேலும் மனித உடல் பெரும்பகுதி நீர். நீர் இவ்வலைகளை விழுங்கும். “காலி மண்டபத்துல எல்லாக் கருவியும் நல்லாத்தான் இருக்கும். ஆளும் போனும் நிறைஞ்ச மண்டபத்துல சோதிச்சுட்டுக் காசு கொடுங்க” என்பதே அவரது அறிவுரை. விடைபெறும்போது இன்னொன்றும் சொன்னார்: “முதல்ல அந்த ரெண்டு முனை மாத்தியைக் குப்பையில போடுங்க.”

கையில் இருந்தது 400 ரிங்கிட். அதில் முதல் செலவு கம்பியில்லாக் கருவிக்கு அன்று. ஒலிபெருக்கிக்கு முறையான மூன்று முனைச் செருகியை மின்பணியாளரைக் கொண்டு மாற்றினோம். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றும் வாங்கினோம். கடையில் ‘ஆர்சிசிபி’ என்று கேட்டால் தருவர். கம்பியை எடுத்துவிட்டால் தந்திக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ள மின்பாதை அறுந்துபோகும் என்பது உண்மை. ஆனால் பழுதுபட்ட ஒலிபெருக்கி மேடையிலேயே இருக்கும். அதை இன்னொரு பிள்ளை தொடும்.

மிஞ்சிய பணத்தில் ஒரு 2.4 கருவி, சோதித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற உடன்பாட்டோடு வந்தது. ஆசிரியர் கூட்டம் முடிந்ததும் எல்லாரையும் மண்டபத்தில் நிறுத்தி, கைப்பேசிகளில் ‘ஹாட்ஸ்பாட்’ போடச் சொன்னேன். ஒலிபெருக்கி தரையில் இருந்தபோது, பிள்ளை கூட்டத்துக்குப் பின்னால் போனதும் ஒலி விட்டு விட்டு வந்தது. ஒலிபெருக்கியை மேசைமேல் ஏற்றி, வாங்கியை அவளுக்கு நேர்ப்பார்வையில் வைத்தோம். ஒலி அறுபடவில்லை. கம்பி இல்லாததால் ஓசை சற்றுக் கூர்மையாக ஒலித்தது. நீண்ட கம்பி உயர்சுரங்களைக் கொஞ்சம் தின்றுவிடும் என்பதே அதன் காரணம். கித்தாரின் ‘டோன்’ குமிழைச் சற்றுத் திருப்பினோம்; சரியாயிற்று.

ஆசிரியர் தினத்தன்று அவள் அம்மா முன்வரிசையில் இறுக்கமாக அமர்ந்திருந்தார். நிகழ்ச்சிக்கு முன் அவரை மேடைக்கு அழைத்துச் சென்று செருகியையும் துண்டிப்பானையும் காட்டினேன். துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன். ‘டக்’ என்று மின்சாரம் நின்றது. “ம்” என்று தலையசைத்தார். அவள் காலணியோடு நின்று பாடினாள். இரண்டாம் பாட்டில் பாடாமல் வாசித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி, பாலர்பள்ளிப் பிள்ளைகள் அமர்ந்திருந்த பாயருகே போய் நின்றாள். நான் சொல்லிக்கொடுக்காத காரியம் அது.

சக ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நான் சொல்ல விரும்புபவை இவைதாம்:

1. முதலில் செருகியின் மூன்றாவது முனையைப் பாருங்கள். கருவியின் பெயரைப் பிறகு பார்க்கலாம்.
2. புளூடூத் பாட்டுக் கேட்பதற்கு, வாசிப்பதற்கு அன்று.
3. பழைய கருவியானால் அலைவரிசையைக் கேளுங்கள்.
4. கூட்டத்தோடு சோதியுங்கள். வாங்கியைப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள்.
5. முதல் நாளே மின்னேற்றம் செய்யுங்கள். ஒரு கம்பியும் பையில் இருக்கட்டும்.

அந்த இரண்டு முனை மாற்றியை நான் குப்பையில் போடவில்லை. அதன் முனைகளை வளைத்து, யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆக்கி, என் மேசையில் வைத்திருக்கிறேன். அடுத்த நிகழ்ச்சிக்கு மேடை அமைக்கும்போது என் கண்ணில் படவேண்டும்.