கரிசல் சாலையில் கடல் வரை

விளாத்திகுளத்துக்கு ரயிலில் போகிறவர்கள் கோவில்பட்டியில் இறங்க வேண்டும். அதற்கு மேல் பேருந்துதான். 1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தண்டவாளம் போட்டபோது, அது சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி என்று மேற்கே ஒதுங்கிப் போனது. கிழக்கே இருந்த எட்டயபுரமும் விளாத்திகுளமும் விடுபட்டன. ரயில் வந்த கோவில்பட்டி பஞ்சாலை, தீப்பெட்டி, கடலைமிட்டாய் என்று வளர்ந்து நகரமானது. அரண்மனை இருந்த எட்டயபுரமும் தாலுகாவின் தலைமையூரான விளாத்திகுளமும் இன்றுவரை பேருந்தை நம்பியே இருக்கின்றன.

கோவில்பட்டியிலிருந்து கடல்வரை பேருந்திலேயே போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காரில் போனால் ஊர்களைப் பார்த்துவிடலாம். ஆனால் ஊர்க்காரர்கள் எப்படி வெளியே கிளம்புகிறார்கள், எப்படி வீடு திரும்புகிறார்கள் என்பது பேருந்தில் ஏறினால்தான் தெரியும். ஐப்பசியின் முதல் மழைகள் பெய்து, கரிசல் நிலம் பச்சை கட்டியிருந்த நாளில் கிளம்பினேன்.

காலை நேரத்து டவுன் பஸ்ஸில் பெண்களே அதிகம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஓர் ஆணை இந்தப் பகுதியில் என்ன செய்திருக்கிறது என்பதைப் பேருந்துக்குள் பார்க்கலாம். எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மா, மூட்டை நிறையக் கொத்தமல்லியை மடியில் இறுக்கிக்கொண்டு, நின்றுகொண்டிருந்த கல்லூரிப் பெண்ணிடம், “நீ இப்படி உக்காரு தாயி, நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிருவேன்” என்றார். முன்பு இருபது ரூபாய்க் காய்க்குப் பத்து ரூபாய் பஸ்ஸுக்கே போய்விடும், அதனால் தோட்டத்துக் காயைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு இருந்துவிடுவேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவரே சந்தைக்குப் போகிறார், விலையை அவரே பேசுகிறார்.

எட்டயபுரம் சிறிய ஊர். பேருந்து நிலையத்தில் இறங்கினால் எல்லா இடத்துக்கும் நடந்தே போகலாம். 1882இல் பாரதி பிறந்த வீடு இங்கே. கல்கி முன்நின்று நிதி திரட்டி, 1947இல் ராஜாஜி திறந்துவைத்த பாரதி மணிமண்டபம் இங்கே. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும், 1835இல் இந்த ஊரில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரும் அடங்கிய இடங்கள் இங்கே. இத்தனை பெருமையும் ஒரு நாழிகை நடையில் அடங்கிவிடும் ஊருக்கு வந்து சேர்வதுதான் சிரமம். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை ஊரை ஒட்டிப் போகிறது. வேகமாகப் போகும் பேருந்துகளில் பல, ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையில் ஆளை இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன. சாலை அகலமாக அகலமாகச் சிற்றூர் அதன் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது.

எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம் சுமார் 20 கிலோமீட்டர். இருபுறமும் கரிசல் மண். உளுந்து, கம்பு, மக்காச்சோளம், மிளகாய், அங்கங்கே பருத்தி. விதைக்காமல் விட்ட இடமெல்லாம் சீமைக்கருவேலம்; அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் இந்தத் தாலுகாவில் ஏராளம். ஒரு காலத்தில் இந்த மண்ணின் கருங்கண்ணிப் பருத்தி மாட்டுவண்டிகளில் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறியது. வெளிநாட்டு வணிகர்கள் திருநெல்வேலிப் பருத்திக்கு ‘டின்னிஸ்’ என்று செல்லப் பெயரே வைத்திருந்தார்கள். பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி அரைக்கும் ஆலை வைத்து நொடித்துப்போனதும் இந்த வணிகத்தின் கதைதான். ஆக, இந்தச் சாலைகள் ஒரு காலத்தில் பஞ்சுப் பொதி போன சாலைகள். மனிதர்கள் போகவும் வரவும் அவை பெரிதும் பயன்படத் தொடங்கியது பேருந்து வந்த பிறகு.

வைப்பாற்றுக் கரையில் இருக்கிறது விளாத்திகுளம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, சாத்தூர், இருக்கன்குடி வழியாக வரும் வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். சொல்லில்லாமல் ராகத்தை மணிக்கணக்காகப் பாடக்கூடியவர் என்று பேரெடுத்த விளாத்திகுளம் சுவாமிகள் என்கிற நல்லப்ப சுவாமிகள் வாழ்ந்த ஊர் இது. ஊரின் பேருந்து நிலையத்தில் நின்றால் தாலுகாவே கண்முன் வந்துபோகும். புதூர், நாகலாபுரம், சூரங்குடி, வேம்பார், குளத்தூர், எட்டயபுரம், தூத்துக்குடி, அருப்புக்கோட்டை, மதுரை என்று எல்லாத் திசைக்கும் இங்கிருந்துதான் வண்டி.

டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் “உங்க ஊருக்கு எத்தன பஸ் அண்ணாச்சி?” என்று கேட்டேன். “எத்தனன்னு கேக்காதீக. நைட் ஆல்ட்டு இருக்கான்னு கேளுங்க” என்றார்.

கரிசல் கிராமங்களில் இந்தச் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. கடைசி நடை வரும் பேருந்து பணிமனைக்குத் திரும்பாமல் கிராமத்திலேயே இரவு தங்கும். ஓட்டுநரும் நடத்துநரும் பேருந்திலோ ஊர்ச் சாவடியிலோ படுத்துறங்கி, விடிவதற்கு முன் முதல் நடையை எடுப்பார்கள். அந்த வண்டி இருந்தால் வேலைக்குப் போனவர் இருட்டின பிறகும் வீடு வந்து சேரலாம். விடிகாலையில் கிளம்பித் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீட்டு வாங்க நேரத்தில் நிற்கலாம். மகளைக் கோவில்பட்டிக் கல்லூரிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டில் யோசிக்கும்போதும் அந்தப் பேருந்தின் நேரம்தான் முதலில் கணக்கில் வரும். “எங்கூர்ல முதல் டீச்சர் ஆன புள்ள அந்தப் பஸ்ஸுலதான் படிச்சா” என்றார் பெரியவர். ஒரு கிராமத்துப் பிள்ளை எவ்வளவு தூரம் படிக்கும் என்பதைக் கடைசிப் பேருந்து தீர்மானிக்கிறது என்பதை அன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இந்த மண்ணில் பேருந்து வெறும் வண்டி அல்ல என்பதற்கு வரலாறே சாட்சி. 1974இல் நெல்லைச் சீமையின் அரசுப் பேருந்துகளுக்குக் கட்டபொம்மன் பெயர் வைக்கப்பட்டது. 1997இல் ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, பாஞ்சாலங்குறிச்சிப் போரில் உயிர்விட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு சூட்டியபோது, தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் எதிர்த்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டன. 2021இல் வந்த ‘கர்ணன்’ திரைப்படத்தில் ஒரு கிராமம் கேட்டதும் பேருந்து நிறுத்தம் ஒன்றைத்தான். எங்கள் ஊரிலும் வண்டி நிற்க வேண்டும் என்பது, நாங்களும் மனிதர்கள்தான் என்பதன் இன்னொரு வடிவம். யார் ஊரில் பேருந்து நிற்கிறது, யார் ஊரைத் தாண்டிப் போகிறது என்ற கேள்வியை இந்தச் சாலைகளில் பயணம் செய்கிறவர் மறக்கக் கூடாது.

ரயில் வரும் என்ற பேச்சும் இங்கே பழையதுதான். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, புதூர், விளாத்திகுளம், குளத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்கு சுமார் 143 கிலோமீட்டர் புதிய பாதை 2011–12 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்றது. தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டான் முதல் மேல்மருதூர் வரை சுமார் 18 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டாயிற்று. மற்ற பகுதிக்குத் தாலுகாவே காத்திருக்கிறது.

ரயில் இல்லாமல் பேருந்தை நம்பியிருக்கும் ஊர் வெளிநாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் வெல்ஸ் என்று ஒரு சின்ன நகரம். பழைய பேராலயத்துக்குப் பேர்போன ஊர். 1963இல் அங்கே பயணிகள் ரயில் நின்றுபோனது. இன்று அங்கே போகிறவர்கள் பிரிஸ்டலிலோ பாத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்கிறார்கள். அவர்கள் இருந்ததை இழந்தார்கள்; விளாத்திகுளம் கிடைக்காமலேயே ஒன்றரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. ஆனால் இரண்டு ஊரும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன: ரயில் இல்லாத ஊரில் பேருந்தைக் குறைப்பது ஊரின் கதவைச் சாத்துவதாகும்.

மதியத்துக்கு மேல் வேம்பார் வண்டி ஏறினேன். கரிசல் மெல்ல வெளுத்து மணலாகி, பனைகள் வரிசையாக நின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டதும் உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. வேம்பாரும், ஆற்றின் பெயரையே கொண்ட வைப்பாறும் முத்துக்குளித்துறையின் பழைய பெரிய ஊர்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோதே பரதவர்களின் முக்கியமான குடியிருப்புகள். இப்போது முத்து இல்லை. மீனும் உப்பும் கருப்பட்டியும் இருக்கின்றன. கடற்கரை நிறுத்தத்தில் காலிக் கூடைகளோடு பெண்கள் இறங்கினார்கள். காலையில் விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களில் மீன் விற்றுவிட்டுத் திரும்பியவர்களை ஒரு வண்டியும், கரிசலுக்குப் போகிறவர்களை இன்னொரு வண்டியும் சுமந்தன. கடலையும் கரிசலையும் ஒரே சந்தையாக வைத்திருப்பது இந்தப் பேருந்துகள்தான்.

அரசிடம் இந்தப் பயணி கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. நின்றுபோன இரவு தங்கல் நடைகளைத் திரும்பத் தொடங்கட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி வரும் நேரத்தை எழுதி வைக்கட்டும். நான்குவழிச் சாலைப் பேருந்துகள் எட்டயபுரத்துக்குள் வந்து போகட்டும். பாரதி வீட்டிலிருந்து விளாத்திகுளம் வழியாகக் கடற்கரைவரை ஒரே வண்டியில் போகும்படி ஒரு தடம் இருந்தால், வெளியூர்க்காரர்களும் வருவார்கள், உள்ளூர்க்காரர்களும் பிழைப்பார்கள். மேல்மருதூரில் நிற்கும் தண்டவாளம் விளாத்திகுளத்துக்கு வரும்வரையில், அந்தக் குறையைப் பேருந்துகளால் ஈடுசெய்வது நம் பொறுப்பு.