பங்குக் கிணறும் பங்கு விமானமும்

தமது உடைமைக்குத் தாமே குற்றப் பெயர் சூட்டும் செல்வர் உலகில் மிகச் சிலரே. அமெரிக்கப் பெருஞ்செல்வர் வோரன் பஃபெற் அவர்களுள் ஒருவர். கம்பனித் தலைவர்கள் தனி விமானம் வைத்திருப்பதை இடித்துரைத்து வந்த அவர், 1980களில் தமது கம்பனிக்கும் ஒன்றை வாங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘நியாயம் கூற இயலாதது’ என்பதாகும். பின்னர் அது ‘இன்றியமையாதது’ என மாறிற்று. 1998 ஆம் ஆண்டிலோ, தனியார் விமானங்களை நடத்தும் நெற்ஜெற்ஸ் என்னும் நிறுவனத்தையே அவரது கம்பனி விலைக்கு வாங்கிவிட்டது. வேடிக்கையாக இடப்பட்ட இவ்விரு பெயர்களுக்கும் இடையிலே தனியார் விமானத் தொழிலின் வரலாறு அடங்கிக் கிடப்பதாகவே நமக்குத் தோன்றுகின்றது.

நாம் சிறுவராயிருந்தபோது வானத்தில் இரைச்சல் கேட்டால், அடுப்படியில் நின்ற அம்மா உட்பட வீட்டார் அனைவரும் முற்றத்துக்கு ஓடிவருவோம். அதனை ஒருவர் கார்போலச் சொந்தமாக வைத்திருக்கலாம் என்பது நம் எண்ணத்துக்கு எட்டாத செய்தி. ஆயினும் 1963 ஆம் ஆண்டு ஒக்டோபரிலேயே, பில் லியர் என்னும் அமெரிக்கர் அமைத்த சின்னஞ்சிறு ஜெற் விமானம் வானில் எழுந்துவிட்டது. ‘லியர்ஜெற்’ என்பது செல்வத்துக்கே மறுபெயராயிற்று. அதன் உற்பத்தி 2022இல் முடிவுற்றது. பறக்கும் ஆசை குறைந்தமையால் அன்று. ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர் இடையில் இறங்காது பறக்கவல்ல பெரிய விமானங்களிலேதான் ஆதாயம் மிகுதி என்று அதனைச் செய்துவந்த கம்பனி கண்டுகொண்டது.

எனினும் இத்தொழிலைத் தலைகீழாக மாற்றியது இயந்திரம் அன்று, ஒரு கணக்கேயாம். தனி விமானம் பெரும்பாலான நேரம் கொட்டகையில் வாளாவிருக்கின்றது. அதைப் பலருக்குப் பங்கிட்டால் என்ன என்று, கணிதம் கற்ற ரிச்சர்ட் சன்ருலி என்பவர் 1986இல் ஒரு திட்டம் வகுத்தார். பதினாறில் ஒரு பங்கு வாங்கியவருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பறப்பு என்பது அம்முறையிலே பிறந்த வழக்கு. இன்று பங்குகூட வாங்காது, மணிக்கணக்கை முன்பணம் கட்டிப் பெறுவோரும் உளர்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இது புதுமையன்று. காணி உறுதியிலே கிணற்றுப் பங்கும் சேர்த்து எழுதப்படும். இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு என்று முறையும் உண்டு. ஆனால் ஒரு வேற்றுமையை நாம் கவனித்தல் வேண்டும். பங்குக் கிணற்றிலே தம் முறை வரும்வரை காத்திருத்தல் கடமை. அந்தக் காத்திருப்பே தண்ணீரைக் காத்தது. பங்கு விமானத்திலோ எவரும் காத்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு முன் அறிவித்தாற் போதும். தம் விமானம் இல்லையெனில் அதுபோன்ற வேறொன்று வந்து நிற்கும். அதனால் விமானங்கள் பெருகின. ஒருவரை இறக்கிவிட்டு மற்றொருவரை ஏற்றுவதற்காக, ஆளில்லா இருக்கைகளோடு பறக்கும் பயணங்களும் பெருகின. பங்கிடுதல் செலவைக் குறைத்ததேயன்றி எரிபொருளைக் குறைக்கவில்லை.

2020இல் கொரோனாத் தொற்றினால் பொதுச் சேவைகள் முடங்கியபோது முதன்முறையாகத் தனி விமானம் ஏறியவர் பலர். தொற்றுத் தணிந்த பின்னும் அவருட் பலர் பழைய வரிசைக்குத் திரும்பவில்லை. 2024 நவம்பரில் வெளியான ஓர் ஆய்வின்படி, 2023இல் தனியார் விமானங்கள் வெளியிட்ட காபனீரொட்சைட்டு 156 இலட்சம் தொன். 2019ஐ விட நூற்றுக்கு 46 பங்கு அதிகம். அப்பயணங்களுள் ஏறக்குறையப் பாதி 500 கிலோமீற்றருக்கும் குறைந்தவை. சராசரியாக ஒரு பயணத்துக்கு 3.6 தொன் ஆகின்றது. இலங்கையர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு விழும் பங்கோ ஏறத்தாழ ஒரு தொன். நம்மில் ஒருவர் மூன்றாண்டுகள் சமைத்து, விளக்கேற்றி, பஸ்ஸில் சென்று வெளியிடும் புகையை ஒரேயொரு பறப்பு விஞ்சிவிடுகின்றது!

இவ்விமானங்கள் யாவும் வீண் என்பது நம் கருத்தன்று. நோயாளரையும், மாற்றுச் சிகிச்சைக்கான உறுப்புக்களையும் சுமந்து நள்ளிரவிற் பறப்பவையும் இவற்றுள் உள்ளன. அங்கே நிமிடம் என்பது உயிர். ஆயின், 2023இல் துபாயில் நடந்த காலநிலை மகாநாட்டுக்கே இருநூற்றுக்கும் மேற்பட்ட தனி விமானப் பயணங்கள் நிகழ்ந்தனவாம். அங்கே நிமிடம் என்பது யாது?

அரசாங்கங்கள் இப்பொழுதுதான் விழித்துக்கொள்கின்றன. இரண்டரை மணி நேரத்துள் ரயிலிற் செல்லக்கூடிய சில ஊர்களுக்கிடையே விமான சேவையை 2023இல் பிரான்சு தடைசெய்தது. தனி விமானம் அத்தடைக்குள் அகப்படவில்லை. 2025 மார்ச்சில் தனி விமானப் பயணிகளுக்குரிய வரியை அந்நாடு பன்மடங்காக உயர்த்திற்று. பழைய சமையல் எண்ணெயிலிருந்து எரிபொருள் வடிக்கும் முயற்சியும் நடைபெறுகின்றது. எனினும் அதன் விலை அதிகம், கிடைக்கும் அளவோ சிறிது.

மாணவச் செல்வர்கள் இதனை வெறும் செல்வர் கதையென ஒதுக்கிவிடலாகாது. நேற்று ஆடம்பரமாயிருந்தது இன்று இன்றியமையாததாய் மாறும் விந்தை நம் வீடுகளிலும் நாள்தோறும் நிகழ்வதன்றோ? ஒரு வசதி நம் வாயிலுக்கு வரும்போது அதன் விலையை மட்டும் கேட்பது போதாது. நாம் காத்திருக்க மறுக்கும் அந்த நேரத்துக்கு ஈடு செலுத்துபவர் யாவர் என்றும் கேட்டறிதல் வேண்டும். கடல் சூழ்ந்த நாட்டிலே வாழும் நமக்கு அக்கேள்வியைக் கேட்கும் உரிமை மிகவும் உண்டு.