ஒன்றரை மணிப் புகை

தங்கச்சிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடப் பையில தண்ணிப் போத்தலுக்குப் பக்கத்தில இன்ஹேலரும் இருக்கும். கொழும்பில், காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குற ஒழுங்கையிலதான் அவளின்ர பாடசாலை. ஒன்றரை மணிக்கு வானும் காரும் எஞ்சினை நிறுத்தாமல் வரிசையில நிக்கும். வாசல் முழுக்கப் புகை.

லண்டன் லூயிஷமில் நெரிசலான பெருவீதியோரம் வசித்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ராவுக்கும் ஒன்பது வயதுதான். கடும் ஆஸ்துமாவால் 2013இல் இறந்துபோனாள். காற்று மாசும் அந்த மரணத்துக்குக் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். லண்டனின் பல உள்ளூராட்சி சபைகள் இன்று பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் மட்டும் வாசல் வீதியை வாகனங்களுக்கு மூடுகின்றன. வாகனங்கள் தள்ளி நிற்கும். பிள்ளைகள் நடந்து போவார்கள்.

காலி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. ஆனால் ஒழுங்கைகள் மாநகர சபையின் பொறுப்பு. 2025 மே தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்தவரிட்ட இதைச் சொன்னன். “குப்பை, லைட் பிரச்சினை ஏதும் இருக்கோ தங்கச்சி?” என்று கேட்டுட்டுப் போயிட்டார்.

அவரை மட்டும் என்னெண்டு குறை சொல்றது? அந்த வரிசையில அப்பான்ர காரும் நிக்குது. “ஓஃப் பண்ணுங்கோ அப்பா” என்றன். “வெக்கை தாங்கேலாது பிள்ளை” என்றார். பிறகு பேசாமல் சாவியைத் திருப்பினார்.

முன்னால நின்ற வான் புகைஞ்சுகொண்டேதான் இருந்தது. ஒருத்தர் நிறுத்திக் காணாது. எல்லாரையும் நிறுத்தத்தானே சபை?