மாலையா, போர்வையா, வளையமா?

நடுச்சாமத்தில் கதவைத் தட்டிப் பூ கேட்டால் எங்கள் அப்பாயி யார் என்ன என்று விசாரிக்காது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒரே கேள்விதான் கேட்கும்: “மாலையா, போர்வையா, வளையமா?”

மாலை என்றால் பாடை. போர்வை என்றால் முஸ்லிம் வீட்டுச் சந்தூக்கின் மேல் விரிக்கிற பூச்சரம். வளையம் என்றால் சவப்பெட்டி. போனவர் எந்த வழியாகப் போகிறார் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு, பூ மேல் கிடக்கும் ஈரச் சாக்கை விலக்கி, வாழைநாரைக் கிழிக்க ஆரம்பிக்கும். நான் பாதித் தூக்கத்தில் எதிரே உட்கார்ந்து, அழுகல் பார்த்துப் பூவை எடுத்துக் கொடுப்பேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்தில் சாத்தார வீதிக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. எட்டரை, போசம்பட்டிப் பக்கமிருந்து மல்லிகை மூட்டை வந்து இறங்கும். இன்றைய ராஜகோபுரம் அப்போது இல்லை. அந்த இடத்தில் நின்றது மொட்டைக் கோபுரம். அதன்மேல் சாரம் கட்டி வேலை நடந்ததைத்தான் அப்பாயி பார்த்தது. 1987-இல் 236 அடிக்கு எழுந்து நின்று கும்பாபிஷேகம் ஆனபோது, அப்பாயி போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

செத்த பிறகு என்ன என்பதில் அப்பாயிக்குச் சந்தேகமே கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்கிற மாதிரி சொல்லும். உயிர் பதினாறு நாள் வீட்டு எரவாணத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்குத் தாகம் எடுக்கும், தண்ணீர் வைக்க வேண்டும். அப்புறம் கிளம்பிப் போனால் வைதரணி ஆறு வரும். காவிரி மாதிரி இல்லை, நாற்றமடிக்கிற ஆறு. மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டுதான் கடக்க முடியும். அதனால் அமாவாசைக்கு அமாவாசை என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா மண்டபத்துக்குப் போகும். எள்ளும் தண்ணியும் இறைக்கிற கூட்டத்தைத் தாண்டி, படித்துறைக்கு வெளியே நிற்கிற மாடுகளுக்கு அகத்திக்கீரைக் கட்டை நீட்டும். “இப்ப கீரையக் குடுத்தாத்தான் அப்ப வாலக் குடுக்கும்” என்று என்னிடம் சொல்லும். மாட்டிடமும் அதையே சொல்லும்.

ஆற்றைக் கடந்தால் வைகுண்டம். அதன் வாசல் எங்கள் ஊரிலேயே இருந்தது. வீதியில் உள்ள வைணவர்கள் பரமபத வாசல் என்பார்கள்; எங்களுக்கு அது சொர்க்கவாசல். மார்கழி ஏகாதசிக்கு எங்கெங்கிருந்தோ வந்து, கொட்டுகிற பனியில் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்து அப்பாயி இரக்கப்படும்: “பாவம், தூரத்திலேர்ந்து வர்றாங்க. நமக்கு உள்ளூர்.” ரத்தினங்கி போட்டுக்கொண்டு வருகிற நம்பெருமாள் வாசலுக்கு முன்னால் விரஜா நதி மண்டபத்தில் நிற்பார். அங்கே வேதம் சொல்வார்கள். வைகுண்டத்தைச் சுற்றி ஓடுகிற ஆற்றின் பெயர் விரஜை. நம்ம காவிரிதான் அது என்று அப்பாயி அடித்துச் சொல்லும்.

உடையவர் சன்னதியில் மட்டும் அதன் பேச்சு மாறும். 1137-இல் பரமபதித்த ராமானுஜரின் திருமேனியே அங்கே உட்கார்ந்திருப்பதாக ஊர் நம்புகிறது. தானான திருமேனி என்பார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்துச் சாத்துவார்கள். “இவரு போகல. நமக்காக இருந்துட்டாரு” என்று அப்பாயி குரலைத் தாழ்த்திச் சொல்லும். போவது பெரிசா, இருந்துவிடுவது பெரிசா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

பூக்காரிக்கு எல்லா வாசலும் தெரியும். நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பூ கொண்டுபோகும் நாட்களில் அங்கே ஒரு வயதான பீவியம்மா அப்பாயிக்குத் தோழி. பூவை இறக்கிவிட்டு இரண்டு பேரும் நிழலில் உட்கார்ந்து பேசுவார்கள். ஸிராத் பாலம் என்று ஒன்று இருக்கிறது, முடியை விட மெலிசு, வாளை விடக் கூர்மை, எல்லாரும் அதில் நடந்துதான் ஆக வேண்டும் என்று பீவியம்மா சொல்லும். அப்பாயி கன்னத்தில் கைவைத்துக் கேட்கும். “பிடிச்சுக்க ஒன்னுமே கிடையாதா பீவி?” “நாம செஞ்ச நல்லதுதான் பிடிச்சுக்கணும்.” “எங்க ஆத்துல வாலாச்சும் இருக்கு.” இன்றைக்கும் அந்த இரண்டு பேரையும் நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். சீக்கிரம் போகப்போகிற இரண்டு கிழவிகள், வழியில் எது கஷ்டம் என்று ஒருவருக்கொருவர் முன்னெச்சரிக்கை செய்துகொண்டிருந்தார்கள். யார் வழி சரி என்ற பேச்சு ஒரு நாளும் வரவில்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். செவ்வந்தி மூட்டையோடு கல்லறைத் தோட்டத்து வாசலில் இடம்பிடித்து உட்காருவோம். சுண்ணாம்பு அடித்து, பெயர் எழுத்துக்குப் புதுசாகக் கறுப்பு தீட்டி, பொழுது சாய்ந்ததும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அன்று மட்டும் அப்பாயி பூ விலையை வாய்விட்டுக் கூவாது, விரலைக் காட்டும். ஏன் என்று கேட்டால், “அவங்கள்லாம் எழுந்திரிக்கறதுக்குக் காத்துக்கிட்டுத் தூங்குறாங்கடா” என்னும். திருச்சிச் சுவரொட்டியைப் படித்துப் பழகியவர்களுக்கு இது புரியும். ஒரே சுவரில் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரை அடைந்திருப்பார், ஒருவர் சிவலோக பதவி அடைந்திருப்பார், ஒருவர் வஃபாத் ஆகியிருப்பார், ஒருவர் இயற்கை எய்தியிருப்பார்.

இயற்கை எய்துகிற கட்சி எங்கள் அப்பா. பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை. சங்கத்துக்காரர். “பாய்லர் ஆறிப்போச்சுன்னா நீராவி எங்க போச்சுன்னு யாராச்சும் தேடுவாங்களா?” என்பார். திருவானைக்காவல் சிலந்தி அடுத்த பிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டினான் என்று அப்பாயி கதை சொல்லும்போது, கதை நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளைத் துடைப்பார். அம்மாவும் பிள்ளையும் இதற்காக ஒரு நாள்கூடக் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் செப்டம்பர் 5 அன்று அப்பா வீட்டில் தங்கமாட்டார். 1946-இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது அந்த நாளில்தான் பொன்மலைச் சங்கத் திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டது. ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். வருஷா வருஷம் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். முதல் நாள் ராத்திரி அப்பா செவ்வரளி வாங்கிவந்து அப்பாயி முன்னால் வைப்பார். “மாலையா, வளையமா?” “வளையம்மா.” கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு வருஷம் அப்பாயி கேட்டது: “செத்தா ஒன்னுமில்லங்கறியே, அப்ப இது யாருக்குடா?”

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு நார்க்கட்டை எடுத்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்விக்கு அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அது நேர்மை என்று இப்போது நினைக்கிறேன்.

1983-இல் அப்பாயி விழுந்தது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பேச்சும் போய்விட்டது. மூன்று நாள் கண் மட்டும் அலைந்தது. அம்மாவுக்குப் பதைப்பு. கடைசி நேரத்தில் பெருமாள் பேரைச் சொன்னால்தானே சொர்க்கம்? காதருகில் குனிந்து, “ரங்கான்னு சொல்லுங்கத்தே, ஒரு தடவ சொல்லுங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இந்தப் பயம் இந்த ஊருக்குப் பழசு. பெரியாழ்வாருக்கே இருந்தது. சாகிற நேரத்தில் நினைக்கத் தெம்பு இருக்குமோ இருக்காதோ என்று, இப்போதே சொல்லிவைத்துவிட்டேன் என அரங்கனிடம் அவர் முன்கூட்டியே முறையிட்டிருக்கிறார். அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. கோயிலில் கேட்டுக் கேட்டு இது மட்டும் மனதில் தங்கியிருந்தது. சன்னதியை எட்டும்போதெல்லாம் கையைத் தூக்கி, “சொல்லிட்டேன் சாமி” என்று ஒரு வார்த்தை சொல்லும். வேறு வேண்டுதல் கிடையாது.

அம்மா கெஞ்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: “விடு. அது எப்பவோ சொல்லிருச்சு.”

நம்பாத மனுஷன் நம்பினவளுக்குச் சாட்சி சொன்னார். நான் கேட்ட எந்த உபன்யாசமும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடில்லை.

பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தோம். என் பந்தம் மட்டும் அணைந்து அணைந்து போனது. யாரோ வாங்கிப் பற்றவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கொள்ளிடக் கரையில் அப்பா கொள்ளி வைத்தார். மீசையை எடுக்க மறுத்துவிட்டார். அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் வைத்தார். கருமாதி முடிகிறவரை தினமும் காலையில் எழுந்ததும் நான் சொம்பில் அளவு பார்ப்பேன், பிறகு எரவாணத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் தண்ணீர் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. சித்திரை வெயில் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்தது வேறு. அந்தச் சந்தோஷத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின மார்கழியில் அப்பாயி என்னை எழுப்பி ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கூட்டிப்போனது. சொர்க்கவாசல் திறப்போடு தொடங்குகிற இராப்பத்தின் பத்தாம் நாள், நம்மாழ்வார் மோட்சம். அர்ச்சகர்கள் ஆழ்வாரைக் கைத்தலத்தில் ஏந்திவந்து நம்பெருமாள் திருவடியில் சேர்க்கிறார்கள். பிறகு துளசி. கூடை கூடையாக, ஆழ்வார் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை துளசி. கற்பூரம் காட்டுகிறார்கள். ஆழ்வார் போய்விட்டார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் சத்தமே இல்லை. ஒரு கிழவர் சட்டையில்லாத மார்பில் கைவைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஆனால் அதோடு முடிவதில்லை. ஆழ்வாரை எங்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று பெருமாளிடம் விண்ணப்பம் செய்கிறார்கள். அவரும் தருகிறார். துளசியை விலக்குகிறார்கள், ஆழ்வார் வெளியே வருகிறார். அப்பாயி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “குடுத்துட்டாரு பாரு, குடுத்துட்டாரு” என்றது.

அப்பா 2014-இல் போனார். உடலை மருத்துவக் கல்லூரிக்கு என்று எப்போதோ எழுதிவைத்திருந்தார். திருச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் ஒப்படைத்தோம். கொள்ளி இல்லை, குடமுடைப்பு இல்லை. சொந்தக்காரர்கள், “எலும்பு இல்லாம எதக் கரைப்பீங்க?” என்று அம்மாவைக் கேட்டார்கள். அம்மா பதில் சொல்லவில்லை. கரைக்கவும் இல்லை. ஆனால் அமாவாசையன்று அம்மா மண்டபத்துக்குப் போய் மாட்டுக்கு இரண்டு கட்டு அகத்திக்கீரை கொடுக்கிறார். ஒன்று தனக்கு. இன்னொன்று அப்பாவுக்காம். “அவரு வேணாம்பாரு. இருந்தாலும் ஆத்தங்கரைல நிக்கப்படாதுல்ல.”

அப்பால் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டால், ஆறும் பாலமும் எனக்குத் தெரியவில்லை. அப்பா சொன்ன ஆறிப்போன பாய்லரும் மனதுக்கு ஒத்துவரவில்லை. எனக்குப் பிடிபட்டது அந்த விண்ணப்பம் ஒன்றுதான். வைகுண்டத்துக்கு உள்ளூரிலேயே வாசல் வைத்திருக்கிற ஊர், போனவரை அங்கே விட்டுவைக்க மனசில்லாமல் வருஷா வருஷம் திருப்பிக் கேட்கிறது. பொன்மலைத் திடலில் அப்பா வைத்த வளையத்தையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

மார்கழியில் ஸ்ரீரங்கம் வருகிறவர்கள் சொர்க்கவாசல் திறப்போடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் பத்து நாள் பொறுத்து வாருங்கள். துளசியை விலக்குகிற நேரத்தில் பெருமாளைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.