இஞ்சின் கத்துது, வண்டி நகரல

பத்து நாளா நம்ம சின்ன கார் சரியில்லீங்க. வாளையாறு ரோட்டு மேட்டுல ஆக்ஸிலேட்டரை மிதிச்சா இஞ்சின் மட்டும் கத்துது, வேகம் கூடல. கூடவே ஒரு கருகல் வாசம். பார்த்தவங்க, "இஞ்சின் வேலை வந்திருச்சு"ன்னாங்க. தேங்காய் வித்த காசு பூரா அதுக்கே போயிருமோன்னு வீட்ல கவலை.

மதுக்கரை மெக்கானிக் தம்பி சிரிச்சுட்டாப்ல. "இஞ்சின் வீக்குன்னா சத்தமே ஏறாதுங்ணா. சத்தம் ஏறி சக்கரம் சுத்தலைன்னா கிளச் வழுக்குதுங்ணா."

சமதரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டு, 3-வது கியர்ல கிளச்சை மெதுவா விட்டாப்ல. நல்ல கிளச்னா இஞ்சின் உடனே அணையணும். நம்முளுது ஓடிட்டே இருந்துச்சு. இந்தச் சோதனையை ரொம்ப நேரம் பண்ணக்கூடாது, தட்டு சூடாயிரும்.

அடுத்து கேபிள். பெடல்ல ஒரு விரக்கடை லூசு இருக்கணும். அது இல்லைன்னா கேபிளைத் தளர்த்தினாலே சிலசமயம் சரியாயிரும், செலவில்லை. நமக்கு லூசு சரியாவே இருந்துச்சு.

கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தா தட்டு ரிவிட் வரைக்கும் தேஞ்சிருக்கு. தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் மூணையும் சேர்த்தே மாத்தினோம். ஆயில் சீல் கசியுதான்னும் பார்த்தாச்சு. கசிஞ்சா புதுத் தட்டும் வழுக்கும். இஞ்சினைத் தொடவே இல்லை.

மரப்பாலம் நெரிசல்ல நிக்கறப்போ கிளச்சைப் பாதி மிதிச்சே வண்டியைப் புடிச்சு வைக்காதீங்க. நியூட்ரல் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்க. தட்டு இன்னும் அதிக நாள் உழைக்கும்.