மூணாவது மாடியும் முப்பாலும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி அடையாறிலிருந்து கூப்பிட்டாள். பதினைந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு, இப்போது வேலைக்குப் போயே ஆக வேண்டிய நிலை. தி.நகரில் பைத்தான் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். "டீச்சர், லிஸ்ட்டிலேயே நின்னுட்டேன். நாலு பேர் போட்டேன், நாலாவதுன்னு 4 கொடுத்தா இண்டெக்ஸ்எரர்னு வருது. கட்டின பணம் போனாப் போகட்டும், விட்டுடறேன்" என்றாள். "பூஜ்யத்தில்தான் தொடங்கும், மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்று வகுப்பில் சொன்னார்களாம். இத்தனை வருடம் கணக்கு நடத்தியவள் நான். இதைப் பாடம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"உங்க ஃப்ளாட்ஸ்ல மொத்தம் எத்தனை தளம்?"

"நாலு டீச்சர். நாங்க உச்சியில, மூணாவது மாடி."

"நாலாவது தளத்துல இருக்கிறவளுக்கு எப்படி மூணாவது மாடி?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தாள். கீழ்வீட்டுக்கு ஏறவே வேண்டாம், அதனால் பூஜ்யம். லிஸ்ட்டில் நாம் தரும் எண், முதல் பொருளிலிருந்து எத்தனை இடம் தள்ளி என்பதுதான். அவள் வீட்டு லிஃப்ட்டில் 4 என்ற பட்டனே கிடையாது. அந்த எரர் சொல்வதும் அதைத்தான்.

லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் என்பதற்குத் திருக்குறளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 3 பால். அவற்றில் முறையே 38, 70, 25 அதிகாரங்கள். ஒவ்வொன்றிலும் 10 குறள். இதை அப்படியே 'குறள்' என்ற லிஸ்ட்டாகப் போட்டால் (பைத்தான் 3 தமிழ்ப் பெயரையும் ஏற்கும், தெரியுமோ?), குறள்[1] என்றால் பொருட்பால் முழுவதும் வந்து கொட்டும். அதில் இறைமாட்சி பூஜ்யம், அடுத்தது கல்வி. ஆக, குறள்[1][1] கல்வி அதிகாரம். குறள்[1][1][0] என்றால் 391, தமிழம்மா உங்களையெல்லாம் ஒப்பிக்க வைத்தாரே, அதே குறள். பெரியதிலிருந்து சிறியதற்கு ஒவ்வோர் அடைப்பாக உள்ளே போக வேண்டும். நாம் கதவு எண்ணில் தொடங்கிச் சென்னையில் முடிக்கும் முகவரிக்கு நேர் எதிர்.

"கடைசிக் குறளை நீயே எடு" என்று விட்டுவிட்டேன். இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது: குறள்[2][24][9]. அதற்குக் கீழே இன்னொன்று: குறள்[-1][-1][-1]. கடைசியிலிருந்தும் எண்ணலாம் என்பதை நான் சொல்லவில்லை, அவளே தேடியிருக்கிறாள்.

அடுத்த மாதம் வகுப்பு முடிகிறது. ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் என் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், இன்பாக்ஸில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.